பொன் கொடுத்தோரும் பெயர் கெட்டோரும்: தென் கொரியாவின் கடனட்டை நெருக்கடி

1907 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே கொரியாவின் டேகு நகரில் ஓர் இயக்கம் தோன்றியது. கொரிய அரசு யப்பானிடம் பட்டிருந்த 1 கோடி 30 இலட்சம் வொன் கடனைக் குடிமக்களே தீர்த்துவிட வேண்டும். அதன்பொருட்டு மூன்று மாதங்களுக்குப் புகைத்தலைக் கைவிட்டு, அவ்வாறு மிஞ்சும் பணத்தைத் திரட்ட வேண்டும் என்று சோ சாங்டொன் முதலானோர் அறைகூவல் விடுத்தனர். பெண்கள் தம் அணிகலன்களைக் கழற்றி ஈந்தனர். கடன் தீரவில்லை. 1910 இல் நாடே யப்பானின் உடைமையாயிற்று. ஆயினும் அரசு பட்ட கடன் குடிகள் பட்ட கடனே என்னும் எண்ணம் அம்மக்களின் நினைவிலே ஆழ வேரூன்றியது.

தொண்ணூறு ஆண்டுகளின் பின்னர் அவ்வேர் மீண்டும் துளிர்த்தது. 1997 டிசெம்பரில் அந்நியச் செலாவணி வற்றிய நிலையில் தென் கொரியா சர்வதேச நாணய நிதியத்தின் உதவியை ஏற்றது. அதனையடுத்து 1998 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பொன் திரட்டும் இயக்கம் நடைபெற்றது. ஏறத்தாழ 35 இலட்சம் மக்கள் திருமண மோதிரங்களையும் குழந்தைகளின் முதலாண்டு நிறைவுக்கு வழங்கப்பட்ட மோதிரங்களையும் கொண்டுவந்து குவித்தனர். சேர்ந்த பொன் சுமார் 227 தொன். இதனை முழுமையான நன்கொடை எனக் கருதுவோர் உளர், அது பொருந்தாது. பெரும்பாலானோர்க்குப் பொன்னின் பெறுமதி பின்னர் வொன்னாகக் கொடுக்கப்பட்டது. ஆனால் நாளை என்ன விலை போகுமென்று எவரும் அறியாத நாணயத்துக்காகக் கையிலிருந்த பொன்னைக் கொடுக்க முன்வந்தமை சிறிய செயலன்று. நிதியத்திடம் பெற்ற கடன் 2001 ஆகஸ்டில், குறித்த தவணைக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, தீர்க்கப்பட்டது.

அரசு கடன்பட்டபோது மக்கள் நடந்துகொண்ட முறை இது. மக்கள் கடன்பட்டபோது அரசும் நிதி நிறுவனங்களும் எவ்வாறு நடந்துகொண்டன என்பது வரலாற்று நூல்களில் அத்துணை விரிவாகப் பேசப்படாத பகுதியாகும். 1999 ஆம் ஆண்டுக்கும் 2006 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட கடனட்டை நெருக்கடியின் வரலாறு அந்த மறுபக்கத்தைக் காட்டுகின்றது.

நெருக்கடியின் பின்னர் 1998 இல் நாட்டின் உற்பத்தி 5 வீதத்துக்கும் மேலாகச் சுருங்கியது. அதுவரை 2 முதல் 3 வீதமாக இருந்த வேலையின்மை ஏறத்தாழ 7 வீதமாயிற்று. கைத்தொழிற் குழுமங்கள் புதிய முதலீட்டுக்குத் தயங்கின. இந்நிலையில் உள்நாட்டு நுகர்வைத் தூண்டுவதே மீட்சிக்கு விரைவான வழியெனச் சனாதிபதி கிம் டே ஜுங்கின் அரசு கண்டது. அதற்கு வாய்த்த கருவி கடனட்டை. அரசுக்கு அதில் வேறொரு நலனும் இருந்தது. சிறு வணிகரும் உணவுச்சாலை உரிமையாளரும் காசாகப் பெற்ற வருமானத்தை வரிக் கணக்கில் காட்டாது மறைத்து வந்தனர். அட்டையால் செலுத்தப்படும் ஒவ்வொரு தொகையும் பதிவாகும். பதிவானது வரிக்குத் தப்பாது.

ஆகவே மூன்று ஏற்பாடுகள் அடுத்தடுத்துச் செய்யப்பட்டன. அட்டையைக் கொண்டு ஒரு மாதத்திற் பெறத்தக்க காசு முற்பணத்துக்கு இருந்த 7 இலட்சம் வொன் உச்ச எல்லை 1999 இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில், சம்பளத்தின் பத்திலொரு பங்கிற்கு மேற்பட்ட அட்டைச் செலவில் ஒரு பகுதிக்கு வருமான வரி விலக்கு அளிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அட்டைப் பற்றுச்சீட்டுகளே லொத்தர் சீட்டுகளாயின: அட்டையாற் செலவு செய்தோர்க்கு அரசு குலுக்கல் நடத்திப் பரிசு வழங்கியது. குடிமகன் செலவு செய்வதற்கு அரசே பரிசு கொடுத்த இச்செய்கை பொருளாதார வரலாற்றில் விநோதமானது என்பதில் ஐயமில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னரே இன்னொரு வாயில் திறக்கப்பட்டிருந்தது. 1962 முதல் நடைமுறையிலிருந்த வட்டிக் கட்டுப்பாட்டுச் சட்டம், நாணய நிதியத்துடனான இணக்கத்தின் விளைவாக 1998 ஜனவரியில் நீக்கப்பட்டது. தனியார் வட்டிக்கு அதன்பின் வரம்பே இல்லாதொழிந்தது. 2002 இல் வட்டித் தொழில் பற்றிய புதிய சட்டம் வந்தபோது அது விதித்த உச்ச வரம்பு ஆண்டுக்கு 66 வீதம். கட்டுப்பாடு என்று பெயர் சூட்டப்பட்ட அவ்வீதமே அந்நாளைய கடுமையை உணர்த்தப் போதுமானது.

1999 இல் சுமார் 3 கோடி 90 இலட்சமாக இருந்த அட்டைகளின் எண்ணிக்கை 2002 இல் 10 கோடியைத் தாண்டியது. நாட்டின் சனத்தொகையோ 5 கோடிக்கும் குறைவு. அட்டைவழிப் பாவனையின் மொத்தப் பெறுமதி அதே காலத்தில் சுமார் 91 டிரில்லியன் வொன்னிலிருந்து 620 டிரில்லியனுக்கு மேல் உயர்ந்தது. தெருவோரங்களில் மேசையிட்டு, அன்பளிப்புப் பொருள் கொடுத்து, வருமானச் சான்று எதுவும் கேளாது மாணவர்க்கும் வேலையற்றோர்க்கும் அட்டைகள் வழங்கப்பட்டன. ஈண்டு ஊன்றி நோக்க வேண்டியது யாதெனில், இப்பாவனையில் பெரும்பகுதி பொருள் வாங்குதற்கானதன்று என்பதே. பாதிக்கும் மேற்பட்டது காசு முற்பணமும் அட்டைக் கடனுமாகும். வேலை இழந்தோரும், நிரந்தர வேலை தற்காலிக வேலையாக மாறக் கண்டோரும், கடை நடத்தி நட்டப்பட்டோரும் வீட்டுச் செலவுக்கும் பழைய கடனுக்கும் அட்டையை நாடினர். நுகர்வு மோகத்தால் அழிந்தனர் என்று அம்மக்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பல இவ்வேறுபாட்டைக் கவனியாது விட்டுவிட்டன.

அக்காலத்தில் ‘தொல்யோமக்கி’ என்ற சொல் நாளாந்த வழக்காயிற்று. ஓர் அட்டையிற் பெற்ற கடனை மற்றோர் அட்டையிற் பெற்ற முற்பணத்தால் அடைத்து, அதனை மூன்றாவதால் அடைத்துச் சுழல்வதை அது குறிக்கும். ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கோடி வொன் கடன் ஆண்டுக்கு 25 வீத வட்டியிற் சுழன்றால், கடனாளி புதிதாக ஒரு வொன்தானும் செலவு செய்யாத போதிலும், முதலாண்டின் முடிவில் கடன் ஒன்றேகாற் கோடியாகும். மூன்றாம் ஆண்டின் முடிவில் இரண்டு கோடியை அணுகும். சுழற்சி நிற்காதவரை அவர் ஒழுங்காகக் கடன் கட்டும் வாடிக்கையாளராகவே கம்பனிகளின் ஏடுகளில் விளங்குவார். 2002 இன் பிற்பகுதியில் அரசு விழித்துக்கொண்டு முற்பணத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. கம்பனிகள் கடன் எல்லைகளைத் திடீரெனக் குறைத்தன. சுழற்சி அறுந்தது.

30,000 வொன்னுக்கும் 3 இலட்சம் வொன்னுக்கும் இடையே ஒரு மனிதனின் பெயர் மாறுவதில்லை. ஆனால் 3 இலட்சம் வொன்னுக்கு மேற்பட்ட தொகையை மூன்று மாதங்களுக்கு மேல் நிலுவையில் வைத்தவரின் பெயர் நாடளாவிய பட்டியலொன்றில் ஏற்றப்பட்டது. ‘ஷின்யொங் புல்யாங்ஜா’ என்பது அவருக்கு வழங்கிய பெயர். ‘ஷின்யொங்’ என்பது கடனுக்கான தகுதியை மட்டுமன்றி நம்பிக்கையையும் உணர்த்தும் சொல். எனவே அத்தொடரை ‘நம்பிக்கை கெட்டவர்’ எனப் பெயர்ப்பது பிழையாகாது. தமிழில் ‘கடன்’ என்ற ஒரே சொல் பெற்ற பொருளையும் ஆற்ற வேண்டிய கடமையையும் குறிப்பது போலவே, அங்கும் பணக் கணக்கும் ஒழுக்கக் கணக்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. பட்டியலில் ஏறியவருக்கு வங்கிக் கதவுகள் அடைபட்டன. தொழில் தருவோரும் தயங்கினர். தொழிலின்றிக் கடன் கட்டுவது எவ்வாறு என்ற வினாவுக்குப் பட்டியலிடம் விடையில்லை.

2003 ஆம் ஆண்டின் இறுதியில் இப்பட்டியலில் 37 இலட்சம் பேர் இருந்தனர். உழைக்கும் சனத்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒருவர். ஐந்தாண்டுகளுக்கு முன்னர் பொன் கொடுத்தோரின் தொகை 35 இலட்சம் என்பது நினைவுகூரத்தக்கது. இரு கூட்டத்தாரும் ஒருவரே எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த குடும்பங்களுள் பல, பட்டியலிலும் ஓர் உறுப்பினரைக் கொண்டிருந்தன எனக் கருதுவது மிகையாகாது. அவ்வாண்டு ஜூலையில் இஞ்சொன் நகரில் கடன் நெருக்குதலைத் தாங்காத ஒரு தாய் தன் மூன்று குழந்தைகளோடு உயிர் துறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. புள்ளிவிபரமாக இருந்தது முகம் பெற்றது அன்றுதான்.

நவெம்பரில் மிகப் பெரிய அட்டைக் கம்பனியாகிய எல்.ஜி. கார்ட் காசின்றித் தடுமாறி, வாடிக்கையாளர்க்கு முற்பணம் வழங்குவதையே நிறுத்த நேர்ந்தது. கடன் கொடுத்த வங்கிகள் சில நாட்களிலேயே கூடி 2 டிரில்லியன் வொன் வழங்க இணங்கின. 2004 இன் தொடக்கத்தில் அரசுடைமையான கொரிய அபிவிருத்தி வங்கியின் தலைமையில் கம்பனி அவ்வங்கிகளின் கைக்கு மாறியது. அக்கம்பனி வீழ்ந்தால் நிதிச் சந்தையே வீழும் என்ற வாதம் ஏற்கப்பட்டது. அது பொய்யான வாதமுமன்று. ஆனால் தனிமனிதரின் கடனைக் குறைப்பது பற்றிய பேச்சு எழுந்தவுடன், அது ஒழுக்கத் தளர்ச்சியை வளர்க்கும், ஒழுங்காகக் கட்டியவனை ஏமாளியாக்கும் என்ற குரல்கள் உரத்து ஒலித்தன. இரண்டாவது வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. அரைவயிறுண்டு தவணை கட்டிய ஒருவனுக்கு அயலவனின் தள்ளுபடி கசப்பாகவே இருக்கும். கம்பனிக்குச் சில நாட்களிற் கிடைத்த இணக்கம் கடனாளிக்கு ஏன் ஆண்டுகளை வேண்டிற்று என்பதே விளக்கம் வேண்டி நிற்பது.

காரணம் கருணையின்மை மட்டுமன்று. ஒரு கடனாளிக்கு ஐந்து கம்பனிகள் கடன் கொடுத்திருந்தன எனக் கொள்வோம். அவற்றுள் ஒன்று இரக்கங்காட்டித் தன் கடனிற் பாதியை விட்டுக்கொடுத்தால், கடனாளியின் கையில் மிஞ்சும் பணத்தை ஏனைய நான்கும் அறவிட்டுக்கொள்ளும். ஆதலால் எதுவும் முதலில் விட்டுக்கொடாது. ஐந்தும் ஒரே கதவைத் தட்டும். முடிவில் எவருக்கும் எதுவும் கிடையாது. அனைவரையும் ஒரே மேசைக்கு அழைக்கும் வலு தனிக் கடனாளிக்கு இல்லை. அவ்வலுவைச் சட்டமோ பொது அமைப்போ கொடுத்தாலன்றி இணக்கம் பிறவாது.

2002 ஒக்ரோபரில் நிதி நிறுவனங்களின் உடன்படிக்கையால் தோன்றிய கடன் ஆலோசனை மீட்பு நிறுவனம் இத்திசையில் முதற்படி. உடன்பட்ட நிறுவனங்களின் கடன்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, வட்டி குறைக்கப்பட்டு, எட்டாண்டு வரையான தவணைகளாகப் பிரிக்கப்பட்டன. முதலைத் தொட அவை பெரிதும் தயங்கின. மேலும், உடன்படிக்கைக்கு வெளியே நின்ற தனியார் வட்டிக்காரரை அது கட்டுப்படுத்தவில்லை. 2004 மே மாதத்தில் ‘ஹன்மாவும்’, அதாவது ‘ஒருமனம்’, என்ற பெயரில் ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டு, அறவிட முடியாத சிறு கடன்கள் அதற்கு மாற்றப்பட்டன. 5 கோடி வொன்னுக்குக் குறைந்த கடனுடையோர் முதலில் 3 வீதத்தைச் செலுத்தி, எஞ்சியதைக் குறைந்த வட்டியில் எட்டாண்டு வரை கட்டலாம். ஒருமனம் என்ற பெயரில் 1998 இன் எதிரொலி கேட்கின்றது. இம்முறை மனமொன்றுபட வேண்டியோர் கடன் கொடுத்தவர்கள்.

உண்மையான திருப்பம் 2004 செப்ரெம்பர் 23 இல் நடைமுறைக்கு வந்த தனிநபர் கடனாளிகள் புனர்வாழ்வுச் சட்டமாகும். நிலையான வருமானமுள்ள ஒருவர் நீதிமன்றத்தை நாடினால், குறைந்தபட்ச வாழ்க்கைச் செலவின் ஒன்றரை மடங்கு அளவில் அவருடைய குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டு, எஞ்சியதே கடனுக்குச் செல்லும். எட்டாண்டுக்கு மேற்படாத அக்காலம் முடிந்தபின் மிச்சக் கடன் கழிந்துவிடும். உடன்படாத கடன்காரரையும் நீதிமன்றின் ஆணை கட்டுப்படுத்தும். முதலில் சோறு, பின்னரே வட்டி என்ற வரிசை அந்நாட்டின் சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இடம்பெற்றது அப்போதுதான்.

வருமானமே இல்லாதார்க்கு எஞ்சியது வங்குரோத்து. அதற்கான சட்டம் 1962 முதலே இருந்தது. ஆனால் தனிமனிதர் அதனை முதன்முதலாகப் பயன்படுத்தியது 1997 இலேயே. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு சட்டம் தீண்டப்படாமற் கிடந்தமைக்கு நாணமே தலையாய காரணம் எனலாம். வங்குரோத்தானவர் பல தொழில்களில் அமர முடியாது. குடும்பத்தின் பெயரும் கெடும். 2000 ஆம் ஆண்டில் விண்ணப்பித்தோர் 329 பேர். 2003 இல் அத்தொகை நாலாயிரத்தை அணுகியது. 2004 இல் 12 ஆயிரத்தைத் தாண்டியது. 2006 இல் ஓர் இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேலாயிற்று. ஒரு தலைமுறைக்குள் ஒழுக்கம் இவ்வளவு தளர்ந்துவிட்டது என இதற்குப் பொருள் கொள்வார் உளர். நீதிபதிகள் கடன் கழிப்பைத் தாராளமாக வழங்கத் தலைப்பட்டமையும், வழி இருக்கின்றது என்ற செய்தி பரவியமையும் கூடுதற் பொருத்தமான விளக்கங்களாகும். கடனாளிகள் முன்னரும் இருந்தனர். நீதிமன்றின் வாயிலைத்தான் அவர்கள் அறிந்திருக்கவில்லை.

2005 ஏப்ரலில் ‘நம்பிக்கை கெட்டவர்’ என்ற பதிவு முறை நீக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் வங்குரோத்து, புனர்வாழ்வுச் சட்டங்கள் ஒன்றிணைக்கப்பட்டபோது எட்டாண்டு எல்லை ஐந்தாகக் குறைந்தது. 2018 இல் அது மூன்றாயிற்று. தனியார் வட்டிக்கான உச்ச வரம்பு படிப்படியாக இறங்கி 2021 ஜூலையில் 20 வீதத்துக்கு வந்தது. எல்.ஜி. கார்ட் கம்பனியை 2007 இல் ஷின்ஹான் நிதிக் குழுமம் வாங்கித் தன் அட்டைத் தொழிலுடன் இணைத்தது. அப்பெயர் சந்தையிலிருந்து மறைந்தது. 2004 இல் எட்டாண்டுத் தவணைக்கு ஒப்பமிட்ட கடனாளி ஒருவர் தம் இறுதித் தவணையைக் கட்டியது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 2012 இலாகும்.