ஒரு மாணவர் கேட்ட கேள்வி

பிறந்து சில மாதங்களாகியும் குழந்தை தாயின் முகத்தை நோக்குவதில்லை. விளக்கை அசைத்தாலும் அதன் விழிகள் தொடர்வதில்லை. இத்தகைய பிறவிக் குருட்டை 1869-ஆம் ஆண்டில் தியோடர் லீபர் என்ற ஜெர்மானிய டாக்டர் விவரித்து எழுதினார். நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது; மருந்துதான் ஒரு நூற்றாண்டு கடந்தும் கிட்டவில்லை. தாய், தந்தை இருவரும் நல்ல பார்வை உடையவராயிருப்பர். ஆயினும் பழுதுற்ற ஒரே மரபணு இருவரிடமும் மறைந்திருந்து, அவ்விரண்டும் குழந்தையிடம் வந்து கூடுமாயின் நோய் வெளிப்படும். மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் நம்மவர் இதனைச் சற்று ஊன்றிக் கேட்க வேண்டும்.

1980-களின் நடுவில், அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஆல்பர்ட் மக்வயர் என்னும் மாணவர், உடன் பயின்றவரும் வாழ்க்கைத் துணைவியுமான ஜீன் பென்னட்டிடம் ஒரு கேள்வி கேட்டார். பழுதுற்ற மரபணுவுக்கு ஈடாக நல்லதொன்றை விழித்திரையில் செலுத்த இயலுமா? இயலும் என்றார் அம்மையார். எவ்வாறு என்பது இருவருக்கும் தெரியாது. லீபர் நோய்க்குரிய மரபணு ஒன்றுகூட அன்று அறியப்படவில்லை. அனுபவம் முதிர்ந்தவர் எவரும் அவ்வாறு கேட்டிருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

ஆர்.பி.ஈ. 65 என்ற மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது; அதன் பழுது லீபர் நோயின் ஒரு வகைக்குக் காரணம் என்பது 1997-இல் தெளிவாயிற்று. ஒளி பட்டவுடன் விழித்திரையில் வைட்டமின் ஏ சார்ந்த ஒரு பொருள் உருமாறும். அதைப் பழைய நிலைக்கு மீட்கும் புரதம் இம்மரபணுவால் ஆவது. புரதம் இல்லையேல், அகல் இருந்தும் எண்ணெய் இல்லாத நிலைதான். நல்ல மரபணுவைச் சுமந்து செல்ல, நோய் விளைவிக்காத சிறு வைரஸ் ஒன்று வாய்த்தது. ‘மரபணுச் சிகிச்சை’ என்று நாம் இரு சொற்களில் மொழிபெயர்த்துவிடுகிறோம். அச்சொற்களுக்குள் அடங்கிய உழைப்பு பெரிது.

1999 செப்டம்பரில், இத்தம்பதியர் பணியாற்றிய பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலேயே பேரிடி விழுந்தது. ஈரல் நோய் பற்றிய வேறொரு மரபணுச் சோதனையில் 18 வயது இளைஞர் ஒருவர் மாண்டார். அங்குப் பயன்பட்டது வேறு வகை வைரஸ். எனினும் துறை முழுவதன் மீதும் ஐயம் கவிந்தது.

அதற்கிடையிலும் வேலை நடந்தது. பிரியார் என்னும் நாயினத்தில் சில இதே பழுதுடன் பிறக்கின்றன. அத்தகைய மூன்று குட்டிகள் பார்வை பெற்ற செய்தி 2001-இல் வெளிவந்தது. சோதனை நாய்களுள் இரண்டைத் தம்பதியர் பின்னர்த் தம் இல்லத்திலேயே வளர்த்தனர்.

மனிதரிடத்தில் சோதனை 2007-இல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் தொடங்கியது. பிலடெல்பியாவில் விழித்திரைக்கு அடியில் மருந்தைச் செலுத்தியவர் மக்வயரே. 2008-இல் சிகிச்சை பெற்ற 8 வயதுச் சிறுவன் ஒருவன், நான்கு நாட்களுக்குப் பின் மிருகக்காட்சிச் சாலையில் வானை நோக்கியபோது வெயில் கண்ணைக் கூசச் செய்ய, அலறினான். வெயில் அதுவரை அவனை அவ்வாறு வருத்தியதில்லை.

அமெரிக்க அரசு 2017 டிசம்பரில் இம்மருந்துக்கு அனுமதி அளித்தது. இரு கண்களுக்கும் குறிக்கப்பட்ட விலை 8,50,000 டாலர். இதற்கு முன்பே, 2015-இல், ஆரம்பச் சோதனைகளில் சிகிச்சை பெற்றோர் சிலரிடம் பெற்ற பார்வை ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கியதாக அறிக்கைகள் வந்திருந்தன. லீபர் நோய்க்குக் காரணமாகும் மரபணுக்கள் 20-க்கு மேற்பட்டவை. இம்மருந்து அவற்றுள் ஒன்றற்கே உரியது.