அச்சுக்கூடம் முதல் அலைபேசி வரை

தோழர்களே,

நமது அரசியல் வரலாற்றை ஊடகத்தின் வரலாறாகவும் வாசிக்கலாம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். விலையையே பெயராக வைத்ததில் ஓர் அரசியல் இருந்தது. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட 'கேசரி' மறுத்தது.

இணையம் வந்ததும் அந்தக் கதவு உடைந்தது என்று நம்பினோம். காரணமும் இருந்தது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் தலித் இளைஞர்களை அடித்தவர்களே அதைப் படம்பிடித்துப் பரப்பினார்கள். அந்தக் காணொளியே அவர்களுக்கு எதிரான சாட்சியானது. செத்த மாட்டை அகற்ற மாட்டோம் என்ற போராட்டமாக மூண்டது. 2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2 முழு அடைப்புக்கான அழைப்பு வாட்ஸ்அப் வழியாகவும் ஊர் ஊராகப் பரவியது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மீட்டது.

ஆனால் அந்த அடைப்புக்கு முன்பே பஞ்சாபில் கைபேசி இணையம் நிறுத்தப்பட்டது. நாம் கூடும் இடத்தின் சாவி நம்மிடம் இல்லை.

அந்த இடத்துக்குள் எல்லோரும் வந்துவிடவும் இல்லை. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இணைய வசதி இருந்த வீடுகள் நகரத்தில் 42 விழுக்காடு, கிராமத்தில் ஏறத்தாழ 15. தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கேட்டபோது, ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 விழுக்காடு, பெண்கள் 33. நம் வீட்டுக்குள்ளும் அலைபேசி யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இணையத்தில் வெளியானது. ஊரடங்குக் காலம். கருத்துச் சொல்ல எளிதாக எஞ்சியது மின்னஞ்சல்தான். பிற மொழிகளிலும் வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆலைக் கழிவு எந்தச் சேரியின் கிணற்றில் இறங்குமோ, அந்தச் சேரிக்கு வரைவே போய்ச் சேரவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேருக்கு ஒருவர் 'தமிழன்' இதழை உரக்க வாசித்துக் காட்டிவிடலாம். மின்னஞ்சல் மனுவிலோ அந்தப் பத்துப் பேரும் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே நம் கோரிக்கை இலவச இணையத்தோடு முடியக் கூடாது. வரைவுகள் தமிழில் வேண்டும். சேரியிலேயே கூட்டம் வேண்டும். வாயால் சொன்னதும் மனுவாகப் பதிவாக வேண்டும்.

ஜெய்பீம்.