வீடு வேஷம் போட்ட பெட்ரோல் பங்க்

நீல ஓட்டுக் கூரை, ரெண்டு புகைபோக்கி, வெள்ளைச் சுவர். அந்தப் புகைப்படத்தை முதல்ல பார்த்தப்போ ஏதோ இங்கிலாந்து கிராமத்து வீடுன்னுதான் நினைச்சேன். புகைபோக்கியில் 'பி' எழுத்தைக் கவனித்த பிறகுதான் உறைத்தது. அது ப்யூர் ஆயில் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெட்ரோல் பங்க். 1920களில் கார்ல் பீட்டர்சன் கொடுத்த வடிவம்.

பங்க் ஏன் வீடு மாதிரி இருக்கணும்?

ஆரம்பத்தில் அமெரிக்காவில் மளிகைக்கடை, மருந்துக்கடைகளில் பெட்ரோலை டின்னில் வாங்கிப் புனல் வைத்து ஊற்றிக்கொண்டார்கள். பிறகு கடை வாசலிலேயே பம்பு வந்தது. கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. 1913 டிசம்பர் 1 அன்று பிட்ஸ்பர்கில் கல்ஃப் கம்பெனி, வண்டி உள்ளே வந்து போகிற மாதிரி தனி நிலையம் திறந்தது. பகோடா சாயலில் கட்டடம். தின்கிற பக்கோடா இல்லை, பௌத்தக் கோயில்! கேலன் 27 சென்ட். முதல் நாள் விற்றது 30 கேலன்.

பங்குகள் பெருகிக் குடியிருப்புகளுக்குள் நுழைந்தப்போதான் தகராறு. தகரக் கொட்டகையும் எண்ணெய்க் கறையும் எங்க தெருவில் வேண்டாம் என்றார்கள் மக்கள். கம்பெனிகள் பங்கையே வீடாக்கிவிட்டன. இது சமரசமா, வேஷமா? என்னைக் கேட்டால் ரெண்டும்தான். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிற நீலக் கூரை நல்ல விளம்பரமும்கூட.

1930களின் மந்தநிலையில் பெட்ரோலை மட்டும் விற்றுக் கட்டுப்படியாகலை. டயர், பேட்டரி, ரிப்பேர் என்று இறங்கினார்கள். அதுக்குக் குட்டி வீடு போதாது. 1937 வாக்கில் டெக்ஸகோவுக்காக வால்டர் டோர்வின் டீக், வெள்ளை எனாமல் பூசிய பெட்டிக் கட்டடத்தை வடிவமைத்தார். வேஷம் கலைந்தது.

இப்போ இந்தப் பழைய கட்டடங்கள் பல காபிக்கடையாகவோ பூக்கடையாகவோ இருக்கு. ரிப்பேர் கூடத்தின் பெரிய கதவைத் தூக்கினால் திறந்தவெளி உணவகம். கார் நின்ற கூரைநிழலில் மேஜை. பார்க்க சுலபமாத்தான் தெரியுது. பிரச்சினை தரைக்கு அடியில். துருப்பிடித்த இரும்புத் தொட்டிகளிலிருந்து கசிந்த பெட்ரோல் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியிருக்கும். 1998 டிசம்பருக்குள் பழைய தொட்டிகளை மேம்படுத்து, மாற்று, இல்லையேல் மூடு என்று மத்திய அரசின் விதி வந்தது. செலவைத் தாங்க முடியாத சின்ன பங்குகள் பல மூடிவிட்டன. விதியைக் குறை சொல்ல மாட்டேன். ஜனங்கள் குடிக்கிற தண்ணீராச்சே. ஆனால் அழகான கட்டடத்தை வாங்க வருகிறவர் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கு. மண்ணைச் சுத்தம் செய்கிற செலவு கட்டடத்தின் விலையைத் தாண்டினால் இடிப்பதுதான் நடக்கும்.

தப்பியவற்றில் எனக்குப் பிடித்தவை ரெண்டு. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில், 1930 வாக்கில் கான்கிரீட்டால் சிப்பி வடிவிலேயே கட்டிய ஷெல் பங்க். எட்டு கட்டினார்கள், மிஞ்சியது இது ஒன்று.

இன்னொன்று கனடாவின் மான்ட்ரியாலில். மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1969ல் வந்த எஸ்ஸோ நிலையம், 2008ல் மூடியது. இப்போ அது சமூகக் கூடம். பம்புகள் நின்ற இடத்தில் கட்டடத்துக்குக் காற்று இழுக்கும் குழாய்கள் நிற்கின்றன.