தீர்க்கதரிசி என்ற சொல்

ஒரு மொழிபெயர்ப்புச் சொல் ஒரு சமூகத்தின் எதிர்பார்ப்பையே திசைதிருப்பிவிட முடியும். 'தீர்க்கதரிசி' அப்படிப்பட்ட சொல். நெடுந்தூரம் பார்ப்பவன், வரப்போவதை முன்னரே அறிந்தவன். எபிரேயத்தில் உள்ள 'நாவி' நம்மூர் முஸ்லிம்கள் சொல்லும் 'நபி'யோடு உறவுள்ளது. அழைக்கப்பட்டவன் என்றோ அறிவிப்பவன் என்றோ அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்று மாற்றிக்கொண்டது. பழைய சொல்லின் பிடி இன்னும் தளரவில்லை.

அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு ஆமோஸை வாசிக்கும்போது இந்த வித்தியாசம் எனக்கு ஸ்தூலமாகப் புலப்படுகிறது. காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு. ஊர் தெக்கோவா, பெத்லகேமுக்குத் தெற்கே சுமார் 8 கிலோமீட்டர். அதற்குக் கிழக்கே மழை குறைந்துகொண்டே போய்ச் சாக்கடல்வரை பொட்டல். ஆமோஸ் ஆடு வைத்திருந்தவன். நம் பக்கத்து வார்த்தையில் கீதாரி. ஓர் ஊரில் மழை பெய்து அடுத்த ஊரில் பெய்யாததையும், இரண்டு மூன்று ஊர் ஜனங்கள் தண்ணீருக்காக ஒரே ஊருக்குத் தள்ளாடிப் போவதையும் அவன் சொல்கிறான். குண்டாற்று மணலைத் தோண்டித் தண்ணீர் எடுத்த திருச்சுழிக்காரனுக்கு இதற்கு உரை வேண்டாம்.

ஆனால் அவன் குற்றப்பத்திரிகை வானத்தின் மேல் அல்ல. மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்குகிறார்கள். பதரைத் தானியமாக விற்கிறார்கள். ஒரு ஜோடிச் செருப்புக்கு ஏழையை வாங்குகிறார்கள். அடகு வந்த துணியைப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் விரித்துப் படுக்கிறார்கள். விதைப்புக்கு முன்னால் கம்மலும் மூக்குத்தியும் நகைக்கடனுக்கு வருவதைக் கவுண்டரில் உட்கார்ந்து பார்ப்பவன் நான். எனக்கு இந்தக் கடைசி விவரம்தான் உறுத்துகிறது. பெத்தேல் கோவில் ஆசாரியன் அமத்சியா அவனைத் தரிசனம் காண்பவனே என்று விளித்து, உன் சொந்த நாட்டில் போய்ப் பிழைத்துக்கொள் என்று விரட்டுகிறான். இது என் பிழைப்பல்ல என்பதே ஆமோஸின் பதில். ஆக, தமிழ் தேர்ந்துகொண்ட சொல் அமத்சியாவின் சொல்லுக்குத்தான் அருகில் இருக்கிறது.

இதன் விளைவை நம் சரித்திரத்திலேயே பார்க்கலாம். அருப்புக்கோட்டைக்கு மேற்கே, வத்திராயிருப்புப் பக்கம், கிறிஸ்தியான்பேட்டை. ரேனியஸ் ஐயரின் மாணவரான அருளப்பன் 1840இல் அங்கே குடியேறினார். மிஷன் சம்பளம் வேண்டாம் என்றிருந்தவர். அந்த அளவில் ஆமோஸின் பதில் அவருக்குப் பொருந்தும். 1860இல் அவர் சபைகளில் ஓர் எழுச்சி: அழுகை, தரிசனம், தீர்க்கதரிசனம். அருளப்பன் 1867இல் இறந்தார். எழுச்சி 1870களில் திருவிதாங்கூரிலும் பரவியது. அங்கே, பிராமணராகப் பிறந்து ஆங்கிலிக்கன் குருவான ஜஸ்டஸ் ஜோசப்பும் அவரைச் சேர்ந்தவர்களும் 1881இல் கிறிஸ்து வருவார் என்று ஆண்டு குறித்தார்கள். ஆண்டு வந்தது, போயிற்று.

அவர்கள் ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் 1876–78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை அழித்தது. அந்தப் பஞ்ச காலத்திலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது. 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். மரக்கால் சிறிதாக்கப்பட்டது. அதை எதிர்த்தவர் மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். உழைக்கும் உடலுக்கு இது காணாது என்று கணக்கோடு வாதாடினார். அவர் எந்தத் தரிசனமும் காணவில்லை. என்றாலும் அந்த ஆண்டில் ஆமோஸின் வேலையைச் செய்தவர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது.

தீர்ப்பு இப்படியென்றால் நம்பிக்கை? எரேமியாவைப் பார்க்கலாம். பாபிலோன் சேனை எருசலேமை வளைத்திருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறான். நகரம் விழும் என்று சொன்னவனே அவன்தான். அந்த நேரத்தில் சிறிய தகப்பனார் மகனிடம் ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறான். 17 சேக்கல் வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது. சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. நெடுநாள் கெடாதிருக்க இரண்டும் மண்பாண்டத்துக்குள். எந்த வங்கியும் அன்று அந்த நிலத்தை ஜாமீனாக ஏற்றிருக்காது. இந்த நாட்டில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்று வாயால் சொல்வதோடு அவன் நிற்கவில்லை. பணத்தை எண்ணி வைத்தான்.

வானம்பாடிக் காலம் முதல் நம் கவிதையில் 'விடியல்' என்ற சொல் படும் பாடு நமக்குத் தெரியும். சாபமும் அங்கே தாராளம். எந்த மரக்கால், யார் அடகு, என்ன விலை என்ற விவரங்கள் மட்டும் இல்லை. நல்ல காலம் வருகிறது என்பதை நம் வாசலுக்கு வரும் குடுகுடுப்பைக்காரரும் சொல்கிறார். கவிஞனிடம் நான் கேட்பது பத்திரத்தை.