மோட்டார்ஹோம் நீரமைப்பு: உறைபனிக் காப்பு

கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள் போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில், மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வண்டியைக் குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும்முன் அதன் நீரமைப்பைப் பாதுகாக்கும் முறை.

காரணம்: நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகுகிறது. குழாய், பம்பு, வால்வு ஆகியவற்றில் தேங்கிய நீர் இதனால் அவற்றைப் பிளந்துவிடும். பனி உருகி நீர் ஒழுகும்போதுதான் விரிசல் தெரியவரும்.

வடித்தல்: நன்னீர், கழிவுநீர்த் தொட்டிகள் காலி செய்யப்படுகின்றன. வெந்நீர்க் கலம் அணைக்கப்பட்டு, ஆறி, அழுத்தம் தணிந்த பின்னரே அதன் வடிகால் அடைப்பு கழற்றப்படும்.

உறைதடுப்பி: வெந்நீர்க் கலத்தைத் தவிர்த்துச் செல்லும் மாற்றுவழி வால்வைத் திருப்பியபின், இளஞ்சிவப்பு நிறமுள்ள புரோப்பிலீன் கிளைக்கால் கரைசல் பம்பு மூலம் செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு குழாயும், சூடு, குளிர் இரு பக்கமும், இளஞ்சிவப்பு நீர் வரும்வரை திறந்து வைக்கப்படும். ஷவரும் கழிப்பறையும் விடுபடக் கூடாது. கழுவுதொட்டிக்கு அடியிலுள்ள வளைகுழாயிலும் சிறிது ஊற்றப்படுகிறது. கார் எஞ்சினில் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் நச்சு. குடிநீர்க் குழாயில் அதை ஊற்றவே கூடாது.

பிற முறைகள்: சிலர் அழுத்தக் காற்றால் நீரை வெளியேற்றுவர். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் உள்ள ட்ரூமா நிறுவனத்தின் வால்வு, சுமார் 3 டிகிரி செல்சியசில் தானே திறந்து வெந்நீர்க் கலத்தை வடித்துவிடும். வசந்தத்தில் நன்னீரால் குழாய்களை அலசிய பின்னரே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.