செருகியின் பூர்வோத்தரம்

சட்டைப்பையில் அடங்கும் வாக்மனைக் கூடத்துப் பழைய ஸ்டீரியோவோடு இணைக்கும் கம்பியின் ஒரு முனையிலுள்ள 3.5 மில்லிமீட்டர் செருகி, 19ஆம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையத்துப் பெண்கள் பலகைத் துவாரங்களில் மாற்றி மாற்றிச் செருகிய கால் அங்குலச் செருகியின் வம்சத்தில் உதித்தது. மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பிரியும் இரண்டுமோ, 1930களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி, கிராமபோனை வானொலிப் பெட்டியோடு சேர்ப்பதற்கென்று அமைத்த வடிவம். 1979இல் ஜப்பானில் வாக்மன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு பெட்டியின் சங்கீதத்தை இன்னொரு பெட்டியின் குரலில் கேட்கும் ஆசை மனிதருக்கு இருந்திருக்கிறது என்று நினைக்கையில் எனக்கு மிகுந்த வாஞ்சை உண்டாகிறது. ஸ்டீரியோவின் பின்புறத்தில் 'போனோ' என்று பொறித்த துவாரம், இசைத்தட்டின் ஊசி எழுப்பும் அதிசூட்சுமமான மின்னதிர்வைப் பன்மடங்காக்கி, மந்தர ஸ்தாயியை உயர்த்தித் தார ஸ்தாயியைத் தாழ்த்துவது. அங்கே வாக்மனைச் செருகினால் பாட்டு கரகரத்துச் சிதையும். பக்கத்திலுள்ள 'ஆக்ஸ்' துவாரமே அதற்குரிய வாசல்.