நாற்பத்திரண்டாம் எண்

வீரரின் முதுகில் எண் பொறிக்கும் வழக்கம் அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் வேரூன்றியது 1929-இல்தான். நியூயார்க் யாங்கீஸ் அணியினர் மட்டையேந்தி வரும் வரிசைப்படியே எண் பெற்றமையால் பேப் ரூத்துக்கு 3 என்பதும் லூ கெரிக்குக்கு 4 என்பதும் வாய்த்தன. நோயுற்று விலகிய கெரிக்கின் எண்ணை இனி எவரும் அணியலாகாது என்று அவ்வணி விதித்தது, அந்த ஆட்டத்தில் அவ்வித மரியாதைக்கு முதல் திருஷ்டாந்தம்.

ஆயினும் சரித்திரத்தின் பாரத்தை மிகுதியாகச் சுமந்த எண் 42 என்பதே என் துணிபு. கறுப்பின மக்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரதான அணிகளின் வாயில் அடைபட்டுக் கிடந்த தேசத்தில், 1947 ஏப்ரல் 15 அன்று, புரூக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில், அவ்வெண் தைத்த சட்டையுடன் ஜாக்கி ராபின்சன் முதல் தளத்தில் வந்து நின்றார். அன்று அவருக்கு நேரான அடி ஒன்றும் அமையவில்லை. எனினும் ஏழாவது சுற்றில் அவர் மெல்லத் தட்டிவிட்ட பந்தை எடுத்தவரின் எறி பிசகிப்போக, இரண்டாம் தளத்தை எட்டி, அடுத்தவர் அடித்த அடியில் ஓடிவந்து, தம் அணியை முன்னிலைக்குக் கொணர்ந்தார். வசைமொழிகளையும் கொலை மிரட்டல்களையும் அவர் எதிர்வாதமின்றிச் சகித்த அவ்வாண்டின் முடிவில், சிறந்த புதுமுக வீரர் விருது அவரையே சேர்ந்தது.

1997-இல் எல்லா அணிகளும் அவ்வெண்ணுக்கு ஓய்வளித்தன. முன்னரே அதனை அணிந்திருந்தவர்களுள் கடைசியானவராகிய மரியானோ ரிவேரா 2013-இல் விடைபெற்றார். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று மட்டும் அனைத்து வீரரும் 42-ஐயே அணிந்து ஆடுகின்றனர்.